ஃபேனை நிறுத்தவும் முடியவில்லை, குரலும் பாத்ரூமில் பேசுகிற மாதிரி வருகிறது. வீடியோ பாடத்துக்கு என்ன மைக் வாங்கலாம்?

நங்கநல்லூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். வெளியூர்ப் பிள்ளைகளும் கேட்பதால் பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். லேப்டாப்பில் ஓபிஎஸ் (திரையைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர்) போட்டு ஸ்லைடையும் பேனா டேப்லெட்டில் எழுதுவதையும் பதிவு செய்கிறேன், மூலையில் சின்னதாக என் முகம். படம் பளிச்சென்று இருக்கிறது, பிரச்சினையெல்லாம் சத்தத்தில்தான்.

ஒரு கடையில் கேட்டு யூஎஸ்பி கண்டென்ஸர் மைக் வாங்கினேன், கூடவே ஒரு குட்டி முக்காலி கொடுத்தார்கள். லேப்டாப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், வாயிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கும். குரல் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒலிக்கிறது, பின்னால் ஃபேன் 'ஷ்ஷ்ஷ்' என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபேனை நிறுத்தலாம் என்றால் சென்னை வெயிலில் கூட்டாளி சேர்ப்புக் கணக்கு ஒன்று முடிப்பதற்குள் தலை முதல் கால் வரை வேர்த்து விடுகிறது, கேமரா வேறு இருக்கிறது. ரூம் 10க்கு 12, தரை டைல்ஸ், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். இதெல்லாம் போதாதென்று விமானம், தண்ணி லாரி, 'வெங்காயம் தக்காளி' என்று ஸ்பீக்கரில் பாடிக்கொண்டே வருகிற வண்டி.

இதைவிட விலை கூடுதலான மைக் வாங்கினால் சரியாகுமா? ஐந்தாறாயிரம் வரை போட முடியும்.

தாம்பரம் 77

இருக்கிற கண்டென்ஸரை வித்துட்டு டைனமிக் மைக் (மேடையில் பாடுறவங்க கையில் பிடிக்கிற வகை) வாங்குங்க மேடம். டைனமிக்குக்கு ஃபேன் சத்தமே கேட்காது, குரலை மட்டும்தான் எடுக்கும். பிரச்சினை முடிந்தது.

காதும் கருவியும்

டீச்சர், தயவுசெய்து இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உங்கள் பதிவில் சிக்கலே அந்த 'இரண்டு அடி'தான்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் குரல் மைக்கில் 6 டெசிபல் கூடும். ஃபேன் மேலே கூரையில் இருக்கிறது, எதிரொலி சுவரிலிருந்து வருகிறது, மைக்கை ஒன்றரை அடி நகர்த்துவதால் அவை இரண்டும் பெரிதாக மாறப்போவதில்லை. இப்போது 60 செ.மீ. தள்ளி இருப்பதை 15 செ.மீட்டருக்குக் கொண்டுவந்தால் இரண்டு முறை பாதியாகிறது, அதாவது குரல் மட்டும் 12 டெசிபல் ஏறுகிறது. ஏறிய அளவுக்கு கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்குகிற அளவை) குறைத்துவிடுங்கள், குரல் பழைய இடத்தில் நிற்கும், ஃபேனும் குகையும் 12 டெசிபல் கீழே போய்விடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்காக இருந்தாலும் இரண்டு அடி தள்ளி வைத்தால் இந்த லாபம் கிடைக்காது.

தாம்பரம் 77, கோபித்துக்கொள்ளாதீர்கள், டைனமிக்குக்கு ஃபேன் கேட்காது என்பது பரவலாகச் சொல்லப்படுகிறதே தவிர உண்மை இல்லை. கண்டென்ஸரைவிட அதன் உணர்திறன் குறைவு, அதனால் எல்லாரும் வாயோடு ஒட்டி வைத்துப் பேசுகிறார்கள், கிட்டே வைத்ததால்தான் ஃபேன் அடங்குகிறது. அதே டைனமிக்கை இரண்டு அடி தள்ளி வைத்து கெயினை ஏற்றிப் பாருங்கள், அதே ஃபேன், அதே எதிரொலி, அதற்கு மேல் கருவியின் சொந்த 'ஸ்ஸ்' வேறு. மேடைக் கச்சேரியில் ஷ்யூர் எஸ்எம்58-ஐ (1966-லிருந்து இருக்கிற மைக்) பாடகர்கள் உதட்டில் உரச வைத்துப் பாடுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி மைக்கை அப்படித்தான் பயன்படுத்த வேண்டும். முகம் தெரிகிற வீடியோவில் அது டீச்சருக்குத் தோதுப்படுமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்று. மைக்கின் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறீர்கள்? இந்த யூஎஸ்பி கண்டென்ஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சி முன்பக்கம் கிடையாது, கம்பெனி பெயர் எழுதியிருக்கிற பக்கம்தான் முன்பக்கம். நிறைய பேர் ஐஸ்கிரீம் கோனை நீட்டுகிற மாதிரி உச்சியை வாய்க்கு நேராகச் சாய்த்து வைத்துப் பேசுகிறார்கள், குரல் மங்கலாக வருகிறது என்று மைக்கைத் திட்டுகிறார்கள். உங்கள் மைக்கில் திசை மாற்றும் குமிழ் இருந்தால் இதய வடிவப் படத்தில் வையுங்கள், வட்டத்தில் இருந்தால் நாலு பக்கமும் உள்ள சத்தத்தை வாரிக்கொள்ளும். இதய வடிவத்தில் மைக்கின் முதுகுப்பக்கம் ஏறக்குறைய செவிடு, அதனால் அந்த முதுகை ஜன்னலையோ லேப்டாப் ஃபேனையோ பார்க்கத் திருப்பி வைத்தால் அதிலும் கொஞ்சம் மிச்சம்.

முக்காலி மேஜை மேல் நிற்கிறது என்றால் பேனா டேப்லெட்டில் நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் 'டக் டக்' என்று மைக்குக்குள் ஏறும். இப்போதைக்கு ஒரு துண்டை நாலாக மடித்து அடியில் வையுங்கள். காசு செலவழித்தே தீருவேன் என்றால் மேஜை விளிம்பில் மாட்டுகிற கை ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள், மைக்கை வாய்க்குக் கொஞ்சம் பக்கவாட்டில், படச்சட்டத்துக்கு வெளியே தொங்கவிடலாம்.

கலைவாணர் நகர்

சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டுங்க. எங்க நண்பன் அப்படித்தான் ஸ்டூடியோ பண்ணினான், செலவு நூறு ரூபா கூட இல்லை.

காதும் கருவியும்

முட்டை அட்டை பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அந்த மெல்லிய காகிதக்கூழ் உச்ச ஸ்தாயியில் துளி எடுக்கும், குரலின் நடுப்பகுதியைத் தொடாது. கரப்பான்பூச்சிக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்த புண்ணியம் வேண்டுமானால் கிடைக்கும். தீ பிடித்தாலும் ஆபத்து.

அந்தக்கால அறிவிப்பாளர்

டீச்சரம்மா, நான் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராகக் கொஞ்ச காலம் இருந்தவன். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோ என்றால் இரட்டைக் கதவு, ஓட்டை ஓட்டையாக இருக்கிற சுவர்ப் பலகை, தரையில் கனமான விரிப்பு. உள்ளே போனால் நம் குரல் நமக்கே அந்நியமாக, அடங்கிப் போய்க் கேட்கும். அதில் பாதியையாவது வீட்டில் கொண்டுவர முடியும், பைசா செலவில்லை.

மைக்கின் முகம் உங்களைப் பார்க்கிறது, அப்படியானால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் அதுதான் பார்க்கிறது. எல்லாரும் தங்களுக்கு முன்னால் இருக்கிற சுவரில் ஃபோம் ஒட்டுவார்கள், பின்னால் மொட்டைச் சுவரை விட்டுவிடுவார்கள். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைப் பின்னால் நிறுத்திச் சாய்த்து, மேலே ஒரே நிறத்தில் ஒரு போர்வை போடுங்கள், வீடியோவுக்கும் பின்னணியாயிற்று. மெத்தை இல்லையென்றால் கனமான கம்பளியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள், ஒட்டிப் போடுவதைவிட நன்றாக உறிஞ்சும். தரையில் ஜமுக்காளம், அதையும் இரண்டாக மடித்துப் போடுங்கள். ஸ்டீல் பீரோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் கதவு தகரம், குரல் பட்டால் அதிரும். பதிவு செய்யும்போது கதவைத் திறந்து வைத்துவிடுங்கள், உள்ளே இருக்கிற புடவைகள் வேலை செய்யும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரூமின் நட்டநடுவில் உட்காராதீர்கள், சுவரை ஒட்டியும் வேண்டாம். ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள். 'டிங்ங்' என்று வால் நீண்டு கேட்டால் அங்கே இன்னும் துணி வேண்டும் என்று அர்த்தம்.

அப்புறம் பேசும் முறை. 15 செ.மீ. என்றால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரித்தால் வருகிற ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு கிட்டே நேருக்கு நேர் பேசினால் 'பற்று', 'பங்கு', 'பேரேடு' என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கை அறையும், 'டப்' என்று விழும். உங்கள் பாடத்தில் 'ப' ரொம்ப ஜாஸ்தி வேறு. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துக்கு நேராக, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, ஆனால் வாயை நோக்கித் திருப்பி விடுங்கள். காற்று தாண்டிப் போய்விடும், குரல் விழும். நுரை உறையும் போட்டுக்கொள்ளுங்கள், ஃபேன் காற்றுக்கும் அது உதவும். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசுகிற அதே குரலில் பேசாதீர்கள். மைக் முன்னால் ஒரே ஒரு பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது.

மின்கம்பம்

ஃபேனைப் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லவில்லையே. ஃபேன் சத்தத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது, ஒன்று காற்று, இன்னொன்று மோட்டார் உறுமல். காற்றுச் சத்தம் வேகத்தோடு சேர்ந்து பயங்கரமாக ஏறும். சுற்றும் வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல் போல இறங்கும் என்பது விசிறி வடிவமைப்பவர்கள் போடும் வழக்கமான கணக்கு. ஆகவே 5-ல் ஓடுவதை 2-ல் வையுங்கள், முழுக்க நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் ரெகுலேட்டர் எந்த வகை என்று பாருங்கள். நிற்காமல் வழுவழுவென்று திரும்புகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் வேகம் குறையக் குறைய மோட்டார் 'ஊம்ம்' என்று உறும ஆரம்பிக்கும், அது மின்சார அலையை நறுக்கி அனுப்புவதால் வருவது. க்ளிக் க்ளிக் என்று படிப்படியாகத் திரும்புகிற கெபாசிட்டர் ரெகுலேட்டரில் அந்த உறுமல் இருக்காது. மாற்றுவதற்கு எலக்ட்ரீஷியனுக்கு பத்து நிமிஷ வேலை. பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக எடுக்கிற புது வகை மோட்டார்) இருக்கிற வீட்டில் அந்தக் கவலையும் இல்லை.

ஏசி இருந்தால் முன்கூட்டியே ரூமை நன்றாகக் குளிர வைத்துவிட்டு, பதிவு நேரத்தில் அணைத்துவிட்டு ஃபேனை 1-ல் விடுங்கள். ஒரு கணக்கு, ஒரு வீடியோ என்று சின்னச் சின்னதாக எடுத்தால் தாங்கும்.

ஆவடி ட்யூட்டர்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வேலைதான், ஆனால் காலர் மைக். போயா பிஒய்-எம்1 வைத்திருக்கிறேன். போனில் நன்றாக வருகிறது, லேப்டாப்பில் சொருகினால் ஒன்று சத்தமே வரவில்லை, இல்லையென்றால் சார்ஜர் போட்டவுடன் 'ம்ம்ம்ம்' என்று இழுக்கிறது. மைக் போலியா?

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி

அண்ணே, அதற்குப் போலி நிறைய உலவுகிறது என்பது நிஜம்தான், ஆனால் நீங்கள் சொல்கிற இரண்டுக்கும் ஒரிஜினலே அப்படித்தான் நடந்துகொள்ளும். அதன் பிளக்கைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் இருக்கும், போன் வகை. உங்கள் லேப்டாப்பில் மைக்குக்குத் தனி ஓட்டை, ஹெட்போனுக்குத் தனி ஓட்டை என்றிருந்தால் நேராகப் போட முடியாது, நடுவே பிரித்துக் கொடுக்கிற ஒய் வடிவ ஒயர் ஒன்று வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், 'போன் ஹெட்செட்டை கம்ப்யூட்டரில் போடுகிற ஸ்ப்ளிட்டர்' என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். அதைவிட நல்லது ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, லேப்டாப்பின் உள் இரைச்சலும் கொஞ்சம் போகும்.

ஒயரின் நடுவில் சின்ன டப்பா மாதிரி இருக்கிறதே, அதில் ஒரு சுவிட்ச் இருக்கும். போன் பக்கம், கேமரா பக்கம் என்று இரண்டு நிலை. கேமராவில் வைத்தால் உள்ளே எல்ஆர்44 பேட்டரி போட்டிருக்க வேண்டும். பதிவு முடிந்து அதை அப்படியே விட்டால் பேட்டரி தீர்ந்துவிடும், அடுத்த முறை ஊமை.

சார்ஜர் உறுமல் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ளே வருவது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள், அதோடு தீர்ந்தது. வீட்டில் அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், லேப்டாப்பின் உலோகத்தைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், அது மைக்குக்காக மட்டும் பார்க்க வேண்டிய விஷயமில்லை.

டீச்சருக்கும் ஒரு வார்த்தை. கை ஸ்டாண்ட் முகத்துக்குக் குறுக்கே வருகிறது என்று தோன்றினால் இந்தக் காலர் மைக் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் முடியும் காரியம். நாலு பக்கமும் கேட்கிற வகை அது, ஆனால் நெஞ்சிலேயே இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். புடவைத் தலைப்பு உரசாத இடமாக, தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள், செயின் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ப்ளூடூத் நெக்பேண்ட் மைக்கை மட்டும் பாடம் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள், மைக்கை இயக்கியவுடன் அது போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும்.

தாம்பரம் 77

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ரெக்கார்ட் பண்ணினால் இத்தனை பேச்சும் தேவையில்லை.

மின்கம்பம்

தெரு நாய்கள் உங்கள் ஏரியாவில் பதினோரு மணிக்குத் தூங்கிவிடும் போல. எங்கள் ஏரியாவில் அப்போதுதான் மீட்டிங்கே ஆரம்பிக்கிறது.

நங்கநல்லூர் டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மைக்கை உச்சி வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லவே இல்லை, பெட்டிக்குள் இருந்த காகிதத்திலும் பொடி எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். பக்கம் மாற்றி, ஒரு சாண் தூரத்தில் வைத்து, பின்னால் மெத்தை நிறுத்திப் பதிவு செய்தேன். என் பையன் இரண்டையும் கேட்டுவிட்டு 'புது மைக் எப்போ வாங்கினே' என்கிறான். பீரோவையும் திறந்து வைத்தேன், கேமராவில் தெரியாத பக்கமாக இருப்பதால் பிழைத்தேன். ஃபேன் 2-ல் ஓடுகிறது, லேசாகத்தான் கேட்கிறது. அந்த மிச்சத்தை சாஃப்ட்வேரில் எடுக்கலாமா? அதில் ஒன்றும் தெரியாது எனக்கு. விமானத்தையும் எடுக்க முடியுமா?

காதும் கருவியும்

ஃபேனை எடுக்கலாம், விமானத்தை எடுக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தை சாஃப்ட்வேர் அடையாளம் கண்டு கழிக்கும், ஏறி இறங்கிப் போகிற சத்தத்தில் திணறும். எதிரொலியும் இந்த வழியில் போகாது, அதற்குத்தான் மெத்தை.

ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட் பண்ணும் சாஃப்ட்வேர் இலவசம். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள், ஃபேன் மட்டும் பதிவாகட்டும். முதலில் ஹை-பாஸ் ஃபில்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் கொடுத்து அடியில் இருக்கிற உறுமலை வெட்டுங்கள், பெண் குரலுக்கு அங்கே ஒன்றும் கிடையாது, நஷ்டமில்லை. அடுத்து அந்த ஐந்து விநாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் சத்தத்தின் மாதிரியை எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் குறையுங்கள். போதவில்லையென்றால் 9. ஆசைப்பட்டு 20, 25 என்று போனால் குரல் தண்ணீருக்கடியில் போய்விடும், 'ச'வும் 'ஸ'வும் முதலில் சாகும், கணக்குப்பதிவியலில் 'சரக்கு', 'சொத்து' இல்லாமல் என்ன செய்வீர்கள். லேசாக ஃபேன் கேட்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ரோபோ குரலைச் சொல்வார்கள்.

இவ்வளவு வேலை முடியாது என்றால் ஓபிஎஸ்ஸிலேயே மைக்கின் ஃபில்டரில் நாய்ஸ் சப்ரஷன் இருக்கிறது, அதில் ஆர்என்நாய்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதில் பதிவாகும்போதே கழிந்துவிடும், பிடிக்கவில்லையென்றால் திரும்ப எடுக்க முடியாது. லெவல் பார்க்கும் பட்டையில் நீங்கள் சத்தமாகப் பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6-க்கும் நடுவே இருக்கட்டும், சிவப்பின் முனையைத் தொட்டால் உடைந்த குரலை எந்த சாஃப்ட்வேரும் ஒட்டாது. ஓபிஎஸ்ஸிலும் விண்டோஸிலும் மைக்கின் சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரே மாதிரி வைத்துவிடுங்கள், விண்டோஸ் தானாகச் செய்கிற ஒலி மேம்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், அது வாக்கியத்தின் முதல் எழுத்தை விழுங்கும்.

அந்தக்கால அறிவிப்பாளர்

விமானத்துக்கு வானொலிக்காரன் வழி. சத்தம் வருகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள், அது போகும் வரை அசையாமல் இருங்கள், பதிவை நிறுத்த வேண்டாம். போனதும் இரண்டு முறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து முழுசாகச் சொல்லுங்கள், விட்ட இடத்திலிருந்து இல்லை. நடுவில் ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் மாறி ஒட்டு தெரியும். பிறகு எடிட் பண்ணும்போது கைதட்டு அலை வடிவத்தில் இரண்டு குச்சியாக நட்டுக்கொண்டு நிற்கும், தேடவே வேண்டாம். வெங்காய வண்டிக்கும் இதுவே. ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கு மட்டும் வழியில்லை, அந்த வாரம் ஸ்லைடு தயார் செய்யுங்கள்.

நங்கநல்லூர் டீச்சர்

ஆடி மாதம் புரிந்தது சார், எங்கள் தெருமுனையில் இருக்கிறது. கடைசியாக ஒரே கேள்வி. என் லேப்டாப் ஸ்பீக்கரில் எல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. இதை நம்பி அப்லோட் செய்யலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி

நம்பாதீங்க மேடம். லேப்டாப், போன் ஸ்பீக்கரில் அடி ஸ்தாயி வராது, அதனால் உறுமல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, இயர்போன் போட்டுக் கேட்கிற பிள்ளைக்குத் தலைவலி. ஒயர் இயர்போனில் ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். அப்புறம் அதையே போன் ஸ்பீக்கரில், ஃபேன் 5-ல் ஓட, சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது கேளுங்கள். பாதி பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். வார்த்தை விடாமல் புரிந்தால் அப்லோட் பண்ணுங்க.